போர்ஃபிரியாவுக்குச் சர்க்கரை மருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அரிய ரத்தக் கோளாறுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். போர்ஃபிரியாவைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதுவதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் சர்க்கரைதான் இதற்கு மருந்து என்ற தொனியில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கிறீர்கள். நாலு பக்கம் தள்ளி, ரத்தத்தைச் சுத்தம் செய்ய மாதாமாதம் தொடர்ந்து பட்டினி கிடக்கச் சொல்கிறது இன்னொரு கட்டுரை. மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேலை பார்ப்பவள் நான். முதலாவதைவிட இரண்டாவதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமை உடல் எட்டுப் படிகளில் செய்கிறது. படிக்கு ஒரு நொதி. அதில் ஒன்று பிறவியிலேயே குறைவாக இருந்தால், அதற்கு முந்தைய பொருள்கள் தேங்கிவிடும். அந்தத் தேக்கத்தால் வரும் நோய்தான் போர்ஃபிரியா. ஹீமில் பெரும்பகுதி எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது என்றாலும், கடும் போர்ஃபிரியா வகைகளில் வினை தொடங்குவது கல்லீரலில். சாப்பாட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு வருவதும் அங்கேதான். வயிறு காய்ந்தால் கல்லீரல் தானே குளுக்கோஸ் தயாரிக்க இறங்குகிறது. அதைத் தூண்டும் அதே சமிக்ஞை ஹீம் தயாரிப்பின் முதல் நொதியையும் தூண்டிவிடுகிறது. மூன்றாம் படியின் நொதி பாதியளவே இருப்பவருக்கு வரத்து கூடும், வழியோ குறுகலாகவே இருக்கும். அதன் விளைவு தாங்க முடியாத வயிற்றுவலி, வாந்தி, மலச்சிக்கல், படபடப்பு. சிலருக்குக் கைகால் வலுவிழக்கும், மனம் குழம்பும். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்பெண்டிக்ஸை எடுத்த பிறகும் வலி தீராமல் அலைந்தவர்கள் உண்டு. வாந்தியால் சாப்பிட முடியாது, சாப்பிடாததால் வலி இன்னும் ஏறும். இந்தச் சுழலை வார்டில் பார்த்தவர்களுக்குப் பட்டினி என்ற சொல்லே கசக்கும்.

சரி, அப்படியானால் சர்க்கரை? குளுக்கோஸ் அந்த முதல் நொதியை ஓரளவு அடக்கும் என்பது உண்மை. லேசான தாக்குதலின் ஆரம்பத்தில் மாவுச்சத்து உணவு கைகொடுக்கும். மருத்துவமனையில் நாளுக்கு 300 கிராம் அளவில் குளுக்கோஸை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவதும் வழக்கம். ஆனால் அது தாக்குப்பிடிப்பதற்கு மட்டும். கடும் தாக்குதலுக்கு ரத்தக்குழாயில் செலுத்தும் ‘ஹீமின்’ என்ற ஹீம் மருந்துதான் வேண்டும். அமெரிக்காவில் 1983 முதல் அது அனுமதிக்கப்பட்ட மருந்து. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோயாளிகளுக்குத் தாக்குதலின்போது சோடியம் ஏற்கெனவே இறங்கியிருக்கலாம். வெறும் குளுக்கோஸ் நீரை அளவில்லாமல் ஏற்றினால் அது மேலும் இறங்கி வலிப்பு வரை போகும். பெட்டிச் செய்தியை நம்பி வீட்டிலேயே இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பது ஆபத்து.

தாக்குதல் இல்லாத நாட்களில் நான் சொல்லும் உணவு பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் அதில் விசேஷமே இல்லை. வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். மொத்தக் கலோரியில் பாதிக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 55 முதல் 60 சதவீதம், மாவுச்சத்திலிருந்து வந்தால் போதும். இரவு படுக்கும் முன் கொஞ்சம் ஏதாவது சாப்பிடலாம். தாக்குதல் வந்துவிடுமோ என்ற பயத்தில் நாள் முழுக்க இனிப்பைக் கொறித்தால் கூடுதல் பாதுகாப்பு ஒன்றும் கிடைக்காது, எடைதான் ஏறும். அப்புறம் அந்த எடையைக் குறைக்க மாவுச்சத்தை அறவே விடும் டயட்டில் இறங்குவார்கள், அது நேராகத் தாக்குதலுக்குக் கொண்டுபோய்விடும். எடை குறைக்கலாம், மெதுவாக, மருத்துவர் கண்காணிப்பில். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சில பெண்களுக்கு ஹார்மோன் மாற்றமே தாக்குதலைத் தூண்டும். அந்த நாட்களில் பசி இல்லை என்று வேளைகளைத் தவிர்க்கக் கூடாது.

எல்லாரும் மறந்துபோகும் இடம் அறுவைச் சிகிச்சை. நோய் இருப்பவரை நள்ளிரவு முதல் எதுவும் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தியேட்டர் காலியாகவில்லை என்று மாலைவரை அப்படியே படுக்க வைத்துவிடுகிறார்கள். அந்த நேரம் முழுக்கக் குளுக்கோஸ் டிரிப் ஓட வேண்டும் என்பதை நோயாளியே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மயக்க மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும், பார்பிச்சுரேட் வகை இவர்களுக்கு ஆகவே ஆகாது.

இன்னொரு குழப்பம், எல்லாப் போர்ஃபிரியாவையும் கட்டுரை ஒரே கூடையில் போட்டது. தோலில் கொப்புளம் போடும் வகையில் பிரச்சினை இரும்புச்சத்தும் மதுவும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை எடுக்கக் கூடாது. வெயில் பட்டதும் தோல் எரியும் வகையினர் வெளிச்சத்துக்குப் பயந்தே இருப்பதால் வைட்டமின் டி குறைகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரு வகையினருக்கும் மாவுச்சத்தைக் கூட்டுவதால் பயனில்லை.

அடுத்த இதழில் பட்டினிக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள்: கடும் போர்ஃபிரியா உள்ளவர்களும், அதே மரபணு மாற்றம் இருந்தும் அறிகுறி இல்லாத அவர்களின் ரத்த உறவுகளும் இதை முயலக் கூடாது. இடம் இருந்தால் இதையும் சேர்க்கலாம். காரணம் பிடிபடாத வயிற்றுவலி திரும்பத் திரும்ப வருபவர்கள், வலி இருக்கும்போதே சிறுநீரில் போர்ஃபோபிலினோஜென் (நான் மேலே சொன்ன தேங்கும் பொருள்களில் ஒன்று) பரிசோதனை கேட்கலாம். மாதிரிப் புட்டியில் வெளிச்சம் படாமல் சுற்றி அனுப்பச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி