திருப்பிச் சொல்லிக் கேட்க வேண்டும்

ஐயா,

மருந்துப் பிழைகள் பற்றிய தங்கள் தலையங்கம் செவிலியர் பற்றாக்குறையைச் சரியாகவே சுட்டியது. ஆனால், ஆட்கள் போதுமான வார்டிலும் பிழை நேர்கிறது. இரவில் மருத்துவர் தொலைபேசியில் சொல்லும் மருந்தின் அளவைத் தவறாகக் கேட்பதும் அதற்கு ஒரு காரணம். ‘ஃபிஃப்டீன்’ என்பது ‘ஃபிஃப்டி’ என்று காதில் விழும். கேஸ் ஷீட்டில் இன்சுலின் 4 யூனிட் என்பதை, ‘4’ஐ ஒட்டி ‘யு’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு எழுதினால் 40 போலத் தெரியும். பத்து மடங்கு! மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும் செவிலியரும் “பேஷன்ட்டுக்கு மூச்சு வாங்குது சார்” என்று நிறுத்திவிடக் கூடாது. படுக்கை எண், நோய், ஆக்சிஜன் அளவு 96இலிருந்து 88க்கு இறங்கிய நேரம், உடனே வர வேண்டுமா என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

வாய்மொழி உத்தரவை எழுதி, 15 என்றால் ‘ஒன்று, ஐந்து’ என எண்ணெண்ணாகத் திருப்பிப் படித்து, மருத்துவர் ‘சரி’ என்ற பிறகே மருந்தை எடுக்க வேண்டும். இளம் செவிலியர்கள் மறுபடி கேட்கத் தயங்குவார்கள். ஆகவே “திருப்பிச் சொல்லுங்கள் சிஸ்டர்” என்று மருத்துவரே கேட்பது நல்லது. இதற்கென நேரம், அளவு, இருவர் கையொப்பம் கொண்ட தனிக் கட்டத்தை கேஸ் ஷீட்டிலேயே அச்சிட சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.