சுளகோடு உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்

தென்காசி மாவட்டத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போகும் ஆசிரியர்களுக்கும் மற்ற அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

2011-ல் கணக்கெடுக்க வந்தவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படிவத்தை நிரப்பினார். இரண்டடி தள்ளி அம்மா சுளகை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். வந்தவர் அப்பாவிடம் "என்ன வேலை பாக்கிறீங்க?" என்று கேட்டார். கொத்தனார் என்றார் அப்பா. "அம்மா வேலைக்குப் போறாங்களா?" "இல்ல சார், வீட்லதான் இருக்கா." அம்மாவும் தலையை ஆட்டினார். பேனா அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலமும் அம்மா ஆயிரம் பீடியைக் கொண்டுபோய், இலையும் தூளும் கொடுக்கும் பீடிக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

வந்தவரை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர், வெயிலில் அலைந்து களைத்திருந்தார். ஆனால் கேள்வி அப்படி வந்தால் எங்கள் பக்கத்தில் பதிலும் அப்படித்தான் வரும். 'வேலைக்குப் போவது' என்றால் இங்கே வாசற்படி தாண்டிப் போவது. நடவுக்குப் போவது, களையெடுக்கப் போவது, கேரளாவுக்குப் போவது. பீடி சுற்றுவதற்கு யாரும் 'போவதில்லை'. அதனால் சுற்றுகிறவரே அதை வேலை என்று சொல்வதில்லை.

அது எப்படிப்பட்ட வேலை என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். முதல்நாள் ராத்திரியே இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் சோறு பொங்கி, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். நரம்பு தடித்த இலை, ஓட்டை விழுந்த இலை எல்லாம் கழிவு. கொடுத்த இலை பத்தவில்லை என்றால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். அப்புறம் புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலை மடக்குவது என் வேலை. கடையில் கொஞ்சம் தளர்வாகத் தெரிந்த பீடியைக் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரல் நுனி இன்றும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது.

ஆலங்குளம், பாவூர்சத்திரம், சுரண்டை, கடையம் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் இதைப் பார்க்கலாம். ஆண்கள் பலர் ஊரில் இருப்பதில்லை. செங்கோட்டை தாண்டி கேரளாவுக்குக் கட்டட வேலை, சென்னைக்கு மளிகைக்கடை, கடையநல்லூர்க்காரர்கள் என்றால் வளைகுடா. அவர்கள் அனுப்பும் பணம் வரும் மாதம் வரும், வராத மாதம் வராது. வராத மாதத்திலும் குழுக் கடனும் பிள்ளையின் ஃபீஸும் கட்டப்படுகின்றன என்றால் அது பீடிக் கூலியில்தான். ஆனாலும் ஆறு மாதம் வேலை இல்லாமல் இருக்கும் ஆணை 'கொத்தனார்' என்று சொல்லும் வீடு, ஒருநாள் விடாமல் சுற்றும் பெண்ணை 'வீட்டில் இருக்கிறாள்' என்கிறது. சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி வீடுகளிலும் இதே கதை. தறி ஓட்டுகிறவர் நெசவாளி, தறிக்குத் தார் (நூல் கண்டு) சுற்றிக் கொடுக்கும் மனைவி குடும்பத் தலைவி.

சட்டம் இவர்களை எப்போதோ தொழிலாளி என்று ஒப்புக்கொண்டுவிட்டது. 1966-ல் வந்த பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டமே, பொருளை வாங்கிப்போய் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றுதான் சொன்னது. வீட்டில் சுற்றுகிறவருக்கும் பி.எஃப். உண்டு என்று உச்ச நீதிமன்றமும் 1980-களில் சொல்லிவிட்டது. கணக்கெடுப்பிலும் 1991-லேயே கூலியில்லாத வேலையையும் சேர்த்துக் கேட்கும்படி கேள்வி திருத்தப்பட்டது. வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்தால் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைந்தால் குறுந்தொழிலாளர். என் அம்மா எந்தக் கணக்கிலும் முதன்மைத் தொழிலாளர்தான்.

இந்தத் தொழிலாளர் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்கிறேன் என்றால், முன்பெல்லாம் பீடி உற்பத்தி மீது வசூலித்த வரி நலநிதிக்குப் போனது. மருந்தகம், பிள்ளைகளுக்குப் படிப்புதவி, வீடு கட்டப் பணம் எல்லாம் அதிலிருந்து வந்தன. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரி எடுக்கப்பட்டுவிட்டது. இனி அரசு ஒதுக்கினால்தான் உண்டு. ஒதுக்குகிறவர் முதலில் கேட்பது எத்தனை பேர் என்றுதானே? அடுத்தவர் பெயரில் உள்ள கம்பெனி அட்டையில் சுற்றும் பெண்கள் கம்பெனிக் கணக்கிலும் இல்லை. உங்கள் படிவத்திலும் விட்டுப்போனால் அவர்கள் வேறு எங்கே இருப்பார்கள்?

2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து, பிப்ரவரியில் வீடு வீடாக வருவீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெண் வேலைக்குப் போகிறாரா என்று வீட்டு ஆணிடம் கேட்காதீர்கள். "பீடி சுத்துவீங்களா? தார் சுத்துவீங்களா? தீவனம் யார் அறுக்கிறது? பால் ஊத்துறது யாரு? வருசத்துல எத்தனை மாசம்?" என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். கூட ஐந்து நிமிடம் ஆகும். ஒரு நாளில் எத்தனை வீடு ஏற வேண்டும் உங்களுக்கு என்று தெரிந்தும்தான் கேட்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது ஆயிரம் முடிவதில்லை, ஐந்நூறுதான். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் திண்ணையில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
ஆலங்குளம் வட்டாரத்திலிருந்து ஒரு பீடித் தொழிலாளியின் மகள்