ஈட்டி மரம் நிற்கட்டும்

கால்வே, அயர்லாந்து
ஜனவரி

அன்புள்ள அப்பா, அம்மாவுக்குத் தோத்திரம்.

கர்த்தர் கிருபையால் நான் இங்கே சுகம். நீங்கள், ஆயா, தங்கச்சி, சித்தப்பா வீட்டார் எல்லாரும் சுகம்தானே? கிணற்றடி ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தை விற்பது பற்றி அப்பா எழுதிய கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. போனில்தான் பேசுகிறோமே என்று பதிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போனில் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. கைப்பட நாலு பக்கம் எழுதிய அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை நீட்டுவதும் மரியாதை இல்லை.

முதலில் அம்மா கேட்டதற்குப் பதில். குளிர் தாங்குகிறது. ஊட்டி உறைபனி மாதிரி கிடையாது, மழையும் காற்றும்தான். நம் தேவாலாவின் ஆடி மழையைப் பார்த்தவனுக்கு இது தூறல். ஆனால் நம் மழை நேராக விழும். இங்கே கடல் பக்கமிருந்து படுக்கைவாட்டில் வருகிறது, குடை ஒன்றுக்கும் உதவாது. டிசம்பரில் நாலரைக்கெல்லாம் விளக்குப் போட வேண்டியிருந்தது. ரூமில் ஹீட்டர் இருக்கிறது, நான்தான் அதிகம் போடுவதில்லை. சூட்டில் கிடாரின் பலகை காய்ந்து வெடித்துவிடும். காற்றில் ஈரப்பதம் 45, 50 சதவீதமாவது இருந்தால்தான் மரத்துக்கு நல்லது. ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் போதும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொன்னேனே, ஃபிடில் (வயலின்தான்) வாசிப்பவர். மனுஷன் மழையில்தான் துணி காயப் போடுவார். "இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் காயும்" என்பார். ஆயா பார்த்தால் ஓடிப்போய் எடுத்து மடித்து வைத்துவிடும். சமையல் என்றால் உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து வெண்ணெயும் உப்பும் வைத்துச் சாப்பிடுவது, அவ்வளவுதான். ஒருநாள் சளியில் இருமிக்கொண்டிருந்தார் என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம் சளி இல்லாவிட்டாலும் என்னைக் கண்டால் இருமுகிறார்.

அவர்தான் எனக்கு வாத்தியார். காசு வாங்குவதில்லை. நோட்ஸ் எழுத விடமாட்டார், காதால் பிடி என்பார். ஜிக் என்ற இந்த ஊர் ஆட்ட மெட்டு ஆறெட்டுத் தாளம், நம் கும்மி மாதிரி மூன்று மூன்றாகத் துள்ளும். அது சீக்கிரம் வந்துவிட்டது. ரீல் என்ற இன்னொரு மெட்டுதான் ஓட்டம், இன்னும் பின்னாலேயே ஓடுகிறேன். இங்கே நிறையப் பேர் கிடாரின் ஆறு கம்பியையும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சுருதி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். கொயர் மாஸ்டரிடம் ச-ப-ச-ம-ப-ச என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். காந்தாரமே கிடையாது, அந்த ஸ்வரம்தானே மேஜர், மைனரைக் காட்டுவது. மேஜரா மைனரா என்று பாட்டுதான் முடிவு செய்ய வேண்டும், கிடார் முந்திக்கொள்ளாது. 1960-களில் டேவி கிரஹாம் என்ற இங்கிலாந்துக்காரர் பரப்பிய சுருதி இது. நம் கீர்த்தனைக்கு இவ்வளவு பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

ராத்திரி பப்பில் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள், செஷன் என்று பெயர். பப் என்றதும் அம்மா ஜெபக் கூட்டத்தில் சொல்லிவிட வேண்டாம், நான் டீதான் குடிக்கிறேன். டீ விஷயத்தில் இந்த ஊர்க்காரர்கள் நம்மையும் மிஞ்சியவர்கள். செஷனில் ஒரு கிடார்தான் மரியாதை. ஏற்கெனவே ஒருவர் இருந்தால் பெட்டியைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருப்பேன், அதுவும் படிப்புதானே. சனி, ஞாயிறு ஷாப் ஸ்ட்ரீட்டில் நின்று வாசிக்கிறேன். வண்டி போகாத கடைத்தெரு. வெயில் அடித்தால் நல்ல வசூல். ஹோட்டலில் டூரிஸ்ட் குறைவு என்று என் வேலை நாளைக் குறைத்திருக்கிறார்கள், பயிற்சிக்கு நேரம் கிடைக்கிறது. சின்ன கிடாரை ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். ரூமில் இடமில்லை.

தங்கச்சி அனுப்பிய கேரல் ரவுண்ட்ஸ் வீடியோ பார்த்தேன். கிடார் யார்? மூன்றாவது கம்பி இறங்கியிருக்கிறது. அத்தை வீட்டு வாசலில் பாட்டு முடிந்ததும், நாய் குரைக்க, "உள்ள வாங்க, காப்பி ஆறுது" என்று அத்தை கூப்பிடும் இடம் வருகிறதே, அங்கே நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுவேன். இங்கே கிறிஸ்துமஸ் அன்று பஸ்கூட ஓடாது. பெரியவரும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் நன்றாகச் சமைத்துச் சாப்பிட்டேன், அதற்குக் கவலை வேண்டாம்.

சரி, மர விஷயம். புரோக்கர் வந்து கிணற்றடி ஈட்டியின் சுற்றளவை அளந்துவிட்டுப் போனாராம், சித்தப்பா விற்றுவிடலாம் என்கிறாராம். வேண்டாம் அப்பா. பெரியவர் முதல் முறை என் கிடாரைக் கையில் வாங்கியபோது அதன் முதுகைத் தட்டிப் பார்த்து "இந்தியன்" என்றார். என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன், அவர் சொன்னது அந்த முதுகுப் பலகையின் ஈட்டி மரத்தை. அமெரிக்காவின் மார்ட்டின் கிடார் கம்பெனியே 1969-ல் பிரேசில் ஈட்டியை விட்டு நம் நாட்டு ஈட்டிக்கு மாறியது. இதைச் சித்தப்பாவிடம் சொல்லாதீர்கள், இன்னும் விலை ஏற்றுவார்.

அவரிடம் சொல்ல வேண்டியது சட்டம். ஈட்டிக்கென்றே தமிழ்நாட்டில் 1994-ல் போட்ட தனிச் சட்டத்தின் காலம் 2025-ல் முடிந்துவிட்டது. ஆனாலும் நம் மலைப் பகுதியில் பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. 2017-லிருந்து உலக அளவிலும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2019-ல் வாத்தியங்களுக்குத்தான் தளர்த்தினார்கள், மரக்கட்டைக்கு இல்லை. "காகிதமெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிற புரோக்கர் ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றுகிற ஆள்தான். நாடுகாணி செக்போஸ்டில் மாட்டினால் டிரைவர் ஓடிவிடுவான், கேஸ் நம் தலையில். பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே கிடக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள், அதற்கு அத்தையின் கையெழுத்தும் வேண்டும்.

தங்கச்சியின் நர்சிங் ஃபீஸுக்காகத்தான் சித்தப்பா சொல்கிறார், தெரியும். இந்த மாதம் என் பணம் பத்து நாள் தள்ளி வரும். பேங்க் மாற்றுகிறேன், வேறொன்றுமில்லை. ஃபீஸை ரெண்டு தவணையாகக் கட்டலாமா என்று காலேஜில் அப்பா நேரில் போய்க் கேட்கட்டும், தங்கச்சி கேட்டால் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவாள். தேயிலைக் கொழுந்து விலைதான் கைவிட்டது, மிளகாவது இருக்கிறதே. அந்த ஈட்டியில் ஏறியிருக்கிற கொடிதான் நம் தோட்டத்திலேயே நன்றாகக் காய்க்கும். இப்போது பறிக்கிற நேரம். பச்சையாகக் கொடுத்துவிடாமல் காயவைத்து விற்கச் சொல்லுங்கள். மரம் ஏற ஆள் கிடைக்கவில்லை என்று சித்தப்பா சாக்குச் சொன்னால், தாழத் தொங்குவதையாவது பறிக்கட்டும்.

முதல் தவணைக்குக் கடைசி நாள் எது என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்

பி.கு.: வர்க்கி அனுப்ப வேண்டாம், போன முறை தூளாகத்தான் வந்தது. பெரியவருக்கு அரைக் கிலோ மிளகு மட்டும் போதும். அதையும் தனியாக அனுப்பினால் செலவு, யாராவது டப்ளின் வந்தால் கொடுத்துவிடுங்கள்.