ஆதாரத்தையும் விமானத்தில் ஏற்றுங்கள்

ஒன்றிய உள்துறை, வெளியுறவுத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

2025 மார்ச்சில் மியான்மரின் இணைய மோசடி முகாம்களில் சிக்கியிருந்த 549 இந்தியர்களைத் தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் இரண்டே நாளில் அழைத்து வந்தீர்கள். நவம்பரில் மறுபடியும் விமானங்கள் போயின. மனதார நன்றி. என் அக்கா மகனும் அந்த எல்லைக்கு அப்பால், மியான்மரின் மியாவாடியில் இருக்கும் முகாம் ஒன்றிலிருந்து மீண்டவன்தான். திரும்பி வந்தபிறகு நடப்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை என்று அனுப்பிய ஏஜென்ட் எங்கள் ஊர்க்காரர். சுற்றுலா விசாவில் இறங்கியவனைக் காரில் ஏற்றி, இரவோடு இரவாக எல்லையிலுள்ள மோய் ஆற்றைத் தாண்டவைத்து, அக்கரையில் விற்றுவிட்டார்கள். பாஸ்போர்ட், செல்போன் இரண்டும் முதல் நாளே போயின. டார்கெட் முடியாத நாளில் கரண்ட் ஷாக். ஊருக்கு வந்து புகார் கொடுத்தால், "இவர்தான் அனுப்பினார் என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்கிறார்கள். பேசிய வாட்ஸ்அப் எல்லாம் பிடுங்கப்பட்ட போனில் இருந்தது. போதாக்குறைக்கு, "நீயும் அங்கே உட்கார்ந்து நம்ம ஜனங்களை ஏமாற்றினவன்தானே?" என்று ஒரு கேள்வி. வழக்கு பதிந்தார்கள், ஏஜென்ட்டுக்கு ஜாமீன் கிடைத்தது, அதோடு நிற்கிறது. அவர் கடைத்தெருவில் நடமாடுகிறார். என் அக்கா ரேஷன் கடைக்குச் சுற்றுவழியில் போகிறாள்.

வழிகள் இல்லாமல் இல்லை. வெளிநாட்டிலிருந்து சாட்சியம் கேட்டு நீதிமன்றம் கோரிக்கைக் கடிதம் அனுப்ப புதிய குற்ற விசாரணைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 112ஆம் பிரிவு இருக்கிறது. இதே மாதிரி முகாம்கள் இருக்கும் கம்போடியாவோடு குற்ற வழக்கு உதவிக்கும் ஆள்கடத்தல் தடுப்புக்கும் 2018 ஜனவரியிலேயே ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. மாநிலப் போலீஸ் இன்டர்போல் உதவியை விரைவாகக் கேட்க 2025 ஜனவரியில் பாரத்போல் தளம் திறந்தீர்கள். இதெல்லாம் ஒரு சாதாரண காவல் நிலையத்தின் மேசை வரைக்கும் ஏன் வரவில்லை?

2025 அக்டோபரில் மியான்மர் ராணுவம் மியாவாடி பக்கமுள்ள கேகே பார்க் என்ற பெரிய மோசடி முகாமுக்குள் புகுந்தது. அப்புறம் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தது. எந்த ஊர் ஏஜென்ட் யாரை அனுப்பினான், எவ்வளவு வாங்கினான் என்பது அங்கிருந்த கணினிகளில் இருந்திருக்கும். நம் தரப்பில் யாராவது கேட்டு வாங்கினார்களா? மீட்டு வந்தவர்களை இறங்கியதும் விசாரிக்கிறீர்கள், தெரியும். வாய்மொழி மட்டும் கோர்ட்டில் நிற்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஆட்களோடு ஆதாரத்தையும் கொண்டு வாருங்கள்.

மும்பைத் தாக்குதல் வழக்கில் தேடப்பட்ட தஹாவூர் ராணாவை 2025 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்தீர்கள். பல வருடம் விடாமல் நின்றதால் நடந்தது. அந்த விடாப்பிடியில் ஒரு பங்கு கூலிவேலைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கிடையாதா? சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்து அழுகிற ஓய்வூதியக்காரர்களில் எத்தனையோ பேரின் சேமிப்பு இதே மாதிரி முகாம்களுக்குத்தான் போகிறது. இரண்டு பக்கமும் அடிபடுவது நம் வீடுகள். நடுவில் இருக்கும் ஏஜென்ட்டைக்கூடத் தொட முடியவில்லை என்றால் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

கடுமையாகப் பேசிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான். அடுத்த மீட்பு விமானத்தில் புலனாய்வு அதிகாரிகளையும் அனுப்புங்கள். கைப்பற்றிய போன்கள், கணினிகளின் நகலைத் தாய்லாந்து போலீஸ் வழியாகவாவது கேட்டு வாங்கி, அந்தந்த மாநில சிபிசிஐடியிடம் ஒப்படையுங்கள். மீண்டு வந்தவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாக நடத்தும்படி காவல் நிலையங்களுக்கு எழுத்தில் உத்தரவு போகட்டும். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மீண்டு வந்த ஒருவனின் தாய்மாமன்