ஜெர்மனியின் ஹாலேயில் இருக்கும் மகளுக்கு

பொறையாறு

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ அழாத குறையாகச் சொன்னதில் பாதியைத்தான் உன் அப்பாவிடம் சொன்னேன். முழுவதும் சொன்னால், "புறப்பட்டு வரச் சொல்" என்பார். நீ வர வேண்டியதில்லை. ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வு தேறியவளுக்கு, வார்டில் ஷிப்ட் மாறும்போது மற்ற நர்ஸுகள் பேசுவது புரியவில்லை என்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தேர்வு அறையில் ஒலித்த குரல் உன்னைப் போன்றவர்களுக்காகவே நிறுத்தி நிதானமாகப் பேசியது. இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு வீட்டுக்கு ஓடத் துடிப்பவர் அப்படியா பேசுவார்?

ஜெர்மன் படிக்கப் போனில் நீ வைத்திருக்கும் ஆப், விடாமல் படிக்கிறாய் என்று தினமும் பாராட்டுகிறதாம். பாராட்டட்டும். அதில் நீ விடையை விரலால் தொடுகிறாய், வாயைத் திறப்பதில்லை. வார்டில் வாய்க்குத்தான் வேலை.

தரங்கம்பாடிக் கோட்டைக்குச் சின்ன வயதில் உன்னை அழைத்துப்போனால் நீ கடலை மட்டும்தான் பார்ப்பாய். 1706 ஜூலை 9 அன்று அந்தக் கரையில் இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவுக்கு 24 வயதுகூட நிறையவில்லை. ஊரில் ஐரோப்பியர்கள் போர்த்துகீசியத்தை வைத்தே காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். தான் தமிழ் படித்த விதத்தைத் தன் நாட்டுக்கு எழுதிய கடிதத்தில் மணிக்கணக்கோடு சொல்லியிருக்கிறார். காலை 7 முதல் 8 வரை, முன்பு படித்து எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் பார்ப்பார். புதிய பாடம் அதற்குப் பிறகுதான். 8 முதல் நண்பகல் வரை ஒரு முதிய புலவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் நூல்களை வாசிப்பார். இரவு கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பிடித்த நடையில் எழுதிய ஆசிரியர் கிடைத்தால், ஒரு சொல்கூடத் தெரியாமல் போகாத அளவுக்கு அவரையே நூறு முறை படிப்பாராம்.

1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. அடுத்த ஆண்டு அவருடைய தமிழ் இலக்கணம் அச்சானது எந்த ஊரில் தெரியுமா? நீ டிராமில் ஏறி வேலைக்குப் போகும் அதே ஹாலேயில்.

இவ்வளவு கதை எதற்கு என்கிறாயா? அவருடைய ஒழுங்கில் இரண்டை நீ எடுத்துக்கொள்.

முதலாவது, அந்தக் காலை நேரம். நீ தினமும் புதிய சொல்லைத்தான் தேடுகிறாய். பழையது கீழே ஒழுகிக்கொண்டே இருக்கிறது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தனக்கு எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போயிருந்தது. இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் பார்த்தால்தான் நிற்கும். 1970களில் லைட்னர் என்பவர் இதற்கு ஐந்து அறைகள் கொண்ட அட்டைப் பெட்டி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். சொன்ன விடை சரியென்றால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறென்றால் மீண்டும் முதல் அறை. பின் அறைகளை எப்போதாவது திறந்தால் போதும். செருப்புப் பெட்டியிலேயே செய்துவிடலாம். அட்டையில் தனிச் சொல்லை எழுதாதே. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டீ, டாஸ் மூன்றில் எது என்பதோடு, அன்று வார்டில் காதில் விழுந்த முழு வாக்கியத்தை எழுது.

இரண்டாவது, ஒன்றையே நூறு முறை. டாய்ச்ச வெல்லே வானொலி மெதுவாக வாசிக்கும் செய்திகளை எழுத்தோடு சேர்த்து இலவசமாகத் தருகிறது. நீ தினமும் புதிய செய்தியைக் கேட்டுப் பாதி புரிந்ததும் தள்ளிவிடுகிறாய். ஒரே செய்தியை ஒரு வாரம் வைத்துக்கொள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேள், பிறகு பார்த்துக் கேள், பிறகு அந்தக் குரலோடு சேர்ந்தே வாய்விட்டுச் சொல். அறைத் தோழிகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்னொன்று, நீ ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாகவே யோசிக்கிறாய். பாடம் அப்படி நடந்தது, உன்மேல் குற்றமில்லை. ஆனால் காரணம் சொல்லும் "வைல்" வந்தால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுகிறது என்று நீதானே புலம்பினாய்? வினையை இறுதிவரை வைத்திருப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். "பாட்டிக்கு நேற்று இரவிலிருந்து காய்ச்சல் இருப்பதால்" என்று தமிழில் நினைத்துக்கொண்டு வாயைத் திற. பாதி வாக்கியம் தானாக வரிசைக்கு வரும். பெரியவர்களிடம் "ஸீ", சின்னவர்களிடம் "டூ" என்பதை நீங்கள், நீ என்று வளர்ந்தவளுக்கு யார் விளக்க வேண்டும்?

மணி விஷயத்தில் நீ குழம்பியதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதே. இரண்டேகாலுக்குப் புத்தகம் ஒன்று சொல்ல, அங்கே "ஃபியர்டல் ட்ரை" என்கிறார்கள். மூன்றாவது மணியில் கால் பங்கு ஆகிவிட்டது என்று கணக்கு. கிழக்கு ஜெர்மனிக்காரர்களுக்கு அது இயல்பு. ஐம்பத்து மூன்றை "மூன்றும் ஐம்பதும்" என்பது வேறு. ரத்த அழுத்தத்தைக் குறிக்கும்போது முதலில் கேட்ட இலக்கத்தை முதலில் எழுதிவிட்டால் வம்பு. எண் முழுவதும் முடியும்வரை பேனாவைத் தூக்கியே வைத்திரு. டிராமில் போகும்போது கடைப் பலகைகளிலுள்ள விலைகளையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போ.

புரியாத இடத்தில் மட்டும் தலையாட்டாதே. இங்கே மாமியாரிடம் ஆட்டினால் பிழைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு நோயாளியின் உயிர். சொன்னதை உன் வாயால் திருப்பிச் சொல்: "எட்டாம் அறையில் இருப்பவருக்கு இரவு அரை மாத்திரை, சரிதானே?" யாரும் திட்டமாட்டார்கள். திட்டினாலும் மாத்திரை சரியாகப் போகும்.

உன் வார்டில் இருக்கும் வயதானவர்களை விட்டுவிடாதே. பழைய கிழக்கு ஜெர்மனியில் பள்ளிக்குப் போனவர்கள். அன்று அங்கே பிள்ளைகளுக்குக் கட்டாய அந்நிய மொழி ரஷ்யன். நீ திணறினால் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடும் இளைய டாக்டர்களைவிட இவர்கள்தான் உனக்கு நல்ல வாத்தியார்கள். பேச அவர்களுக்கு ஆள் வேண்டும், நேரமும் இருக்கிறது. தலை வாரிவிடும்போது ஊரைப் பற்றி, பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேள். தவறினால் திருத்தச் சொல்.

அறையில் தமிழ் பேசாதே என்று நான் சொல்லமாட்டேன். இரவுச் சாப்பாடு வரை ஜெர்மன், அதன்பிறகு தமிழ் என்று தோழிகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொள். சாப்பிடும்போதாவது நிம்மதி வேண்டாமா?

விடுமுறை நாளில் ஹாலேயிலேயே இருக்கும் ஃபிராங்க நிறுவன வளாகத்துக்குப் போய்வா. நம் பக்கத்திலிருந்து போன ஓலைச்சுவடிகளை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். படம் எடுக்கலாமா என்று நீயே ஜெர்மனில் கேட்டு, எடுத்து அனுப்பு. வாட்ஸ்அப்பில் எழுத்து மங்கிவிடுகிறது, மின்னஞ்சலில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா