சுவருக்கு அப்பால் எறிந்த நத்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை விட்ட மறுநாள் காலை, எங்கள் தோட்டத்துப் பப்பாளிக் கன்று மொட்டையாக நின்றது. தண்டில் பசை காய்ந்தாற்போல ஒரு மினுமினுப்புக் கோடு. அதைப் பிடித்துக்கொண்டே போனால் தொட்டிக்கு அடியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு நத்தை. எடுத்துச் சுவருக்கு அப்பால் எறிந்தேன். நான்கு நாள் இதே வேலை. அப்புறம்தான் தெரிந்தது, பக்கத்து வீட்டம்மாவும் அவற்றை எங்கள் பக்கம் எறிந்துகொண்டிருந்தார் என்று!

அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லாமே முட்டையிடும், அதுவும் நூற்றுக்கணக்கில். வறட்சி வந்தால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் கிடக்கும். ஒழிந்தது என்று நாம் நிம்மதியாக இருப்போம். மூளையைப் பாதிக்கும் ஒரு புழு இதன் உடலில் இருக்கலாம் என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாதாம். நான் நான்கு நாளும் வெறுங்கையால்தான் பொறுக்கினேன்.

அமெரிக்காவின் புளோரிடாவுக்கு 1966-ல் ஒரு சிறுவன் கொண்டுபோனது மூன்றே நத்தைகள். அவற்றின் வாரிசுகளை ஒழிக்க 1975 வரை ஆனது. 2011-ல் மயாமியில் மறுபடி தலைகாட்டியபோது, தன் வீட்டில் பார்த்த ஒருவர் அதிகாரிகளிடம் சொன்னார். அதன் பிறகும் பத்து ஆண்டு போராட்டம். 1,68,000-க்கும் மேல் பொறுக்கினார்கள். அந்த ஒருவரும் என்னைப் போலச் சுவர் தாண்டி எறிந்திருந்தால்?

தங்கள் நாளிதழில் வாரம் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடலாமே. புதிதாக வந்த செடியோ பூச்சியோ நத்தையோ, அதன் படம், எந்த இடம், என்ன தேதி, யாரிடம் சொல்வது. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். முயன்று தோற்றதும் வரட்டும். நான் செடியடியில் உப்பைக் கொட்டினேன். நத்தை செத்தது, சரி, செடியும் கருகியது. தேடிப் பார்த்து ஒன்றும் அகப்படாவிட்டால் அதையும் எழுத வேண்டும். யாரும் தேடாத இடம் எது, தேடியும் இல்லாத இடம் எது என்று பிரித்துப் பார்க்க வேறு வழி?

இப்போது கையுறை போட்டுக்கொண்டு இரண்டு வீட்டிலும் பொறுக்குகிறோம். உப்புக் கரைசல் வாளி ஒன்று, நோட்டு ஒன்று. நேற்று 11. முந்தாநாள் ஒன்றும் இல்லை, அதுவும் நோட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் வாசகர்