அது கத்தரிக்கோல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறிய அருங்காட்சியகங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரு திருத்தம். 'பழைய கத்தரிக்கோல்' என்று போட்டிருந்த படத்தில், அலகின் மேல் சின்னப் பெட்டி ஒன்று தெரிகிறதே, கவனித்தீர்களா? அது மெழுகுவர்த்தித் திரியின் கருகிய நுனியை நறுக்கும் கருவி. நறுக்கிய துண்டு கீழே விழாமல் பிடிக்கத்தான் பெட்டி. 19ஆம் நூற்றாண்டில் பின்னல் திரி வந்தது. அது தானாகவே வளைந்து எரிந்துவிடும். கருவிக்கு வேலை போய்விட்டது.

தவறு உங்களுடையது அல்ல. அருங்காட்சியக அட்டையிலேயே அப்படித்தான் எழுதியிருப்பார்கள். பெயர், காலம், அதோடு சரி. எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

இங்கிலாந்தில் விட்பி ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு 'புயல் முன்னறிவிப்பான்' இருக்கிறது. ஜார்ஜ் மெரிவெதர் என்ற மருத்துவர் 1851 லண்டன் கண்காட்சிக்குக் கொண்டுபோன கருவியின் நகல் அது. பார்க்கக் குடைராட்டினம் மாதிரி இருக்கும்: வட்டமாக 12 கண்ணாடிப் புட்டிகள், மேலே ஒரு மணி. புட்டிக்கு ஓர் அட்டைப்பூச்சி. புயல் வருமுன் அட்டைகள் மேலே ஏறும் என்று அவர் நம்பினார். ஏறுகிற அட்டை விசையைத் தட்ட, மணி அடிக்கும். புட்டிகளை ஏன் வட்டமாக வைத்தாராம்? அட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும், தனிமையில் வாடக்கூடாது என்பதற்காக! அவரே எழுதி வைத்ததால் இது நமக்குத் தெரிகிறது.

எழுதி வைக்காத பொருளின் கதி வேறு. பன்னிரண்டு முகம், முகத்துக்கொரு துளை, மூலைக்கு மூலை குமிழ் என்று ரோமானியர் காலத்து வெண்கலப் பொருள் ஒன்று பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கம் நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கிறது. 2023இல் நார்ட்டன் டிஸ்னி என்ற சிற்றூரில்கூடத் தோண்டி எடுத்தார்கள். எதற்கு என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அக்கால நூல் எதிலும் ஒரு வரி இல்லை.

நான் போன ஓர் அருங்காட்சியகத்தில் காளான் வடிவ மரக்கட்டை ஒன்றை 'அலங்காரப் பொருள்' என்று வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற பாட்டி சிரித்துவிட்டார். காலுறை ஓட்டையைத் தைக்கும்போது உள்ளே வைத்துப் பிடிக்கிற கட்டையாம் அது. அந்தப் பாட்டியிடம் யாராவது கேட்டிருக்கலாம்.

உங்கள் இதழில் மாதம் ஒரு பொருளின் படத்தைப் போட்டு, 'இதைப் பயன்படுத்தியவர்கள் எழுதுங்கள்' என்று கேட்டால் என்ன? வருகிற பதில்களை அந்தந்த அருங்காட்சியகத்துக்கே அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்